பி.டி. பீரியடைத் திருப்பிக் கேட்போம்

(மும்பையில் நடைபெற்ற சங்க மாதாந்தரக் கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ரேஷன் கார்டைப் பற்றியோ, சாதிச் சான்றிதழைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. ஒரு தவறைப் பற்றிப் பேசப் போகிறோம். அதைச் செய்தவர்கள் நாமே. சங்கத்தின் மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் ஆகியிருக்கிறது, மறைத்தாலும் மறையாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நம் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு ஒரு மனுக் கொடுத்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இருக்கிற உடற்பயிற்சி பீரியடுகளை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் கணக்கும் இங்கிலீஷும் கூடுதலாக நடத்த வேண்டும் என்பது மனு. எழுதியவர்கள் நாங்கள், செயற்குழு. கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். எந்த ஆபீசில் மனுக் கொடுத்தாலும் ஆறு மாதம் அலைகிறவர்கள் நாம். இந்த ஒரு மனுவுக்கு மட்டும் மூன்றாம் நாளே உத்தரவு போட்டுவிட்டார்கள்! அப்போதே நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். (சிரிப்பு)

சென்ற ஆண்டு, பள்ளிகளுக்கிடையே கபடிப் போட்டி நடக்கவிருந்த சமயம். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் பிள்ளை தன் தாயாரோடு சங்க ஆபீசுக்கு வந்தாள். அந்தப் பிள்ளை சந்துக்குள்ளே பையன்களோடு சடுகுடு ஆடி வளர்ந்தவள். பாடிப் போனால் தொட்டுவிட்டுத்தான் வருவாள். "மாமா, டீமுக்குப் பேர் கொடுக்கணும், பாரத்துல கையெழுத்து வாங்கித் தாங்க" என்றாள். பி.டி. சாரிடம் கேட்பதுதானே என்றோம். "அவருக்கு இப்ப ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை மாமா. பி.டி. பீரியடுதான் இல்லையே. நீங்கதான மனுக் கொடுத்து எடுக்கச் சொன்னீங்களாம்" என்றாள்.

அந்தத் தாயார், "ஏ, பெரியவங்க கிட்ட இப்படியா பேசுவாங்க" என்று மகளை அதட்டினார். பிள்ளை பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. மறுநாளே நாங்கள் பள்ளிக்கு ஓடினோம். பெயர் கொடுக்கும் கடைசி நாள் கடந்துவிட்டிருந்தது. அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஆட இருந்தவர்களில் மராட்டிப் பிள்ளைகள் இருந்தார்கள், உத்தரப்பிரதேசத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர்கள் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடவில்லை. நம்மால் அவர்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் செயற்குழுவில் உட்கார்ந்து இந்த விஷயத்தைத் தோண்டினோம். தோண்டத் தோண்ட நமக்கே வெட்கமாக இருந்தது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 2009-இல் வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் அட்டவணையில், பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும், வகுப்புக்குத் தேவையான விளையாட்டுச் சாமான்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது 14 வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கை நின்றுவிடுகிறது. பள்ளியில் போடுகிற மத்தியானச் சோறும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிள்ளை நெடுநெடுவென்று வளருகிற வயதில், எலும்பும் சதையும் கூடுகிற வயதில், சோறும் நிற்கிறது, சட்டமும் நிற்கிறது. மிச்சம் இருந்தது டைம்டேபிளில் அந்த ஒரு பீரியடு. அதை நாம் போய் எடுக்கச் சொன்னோம்.

அடுத்து மார்க் ஷீட்டைப் பார்த்தோம். மகாராஷ்டிர போர்டில் உடல்நலமும் உடற்கல்வியும் ஒரு பாடம். அதற்குப் பள்ளியே கிரேடு போடுகிறது. சென்ற ஆண்டு பத்தாவது முடித்த நம் பிள்ளைகள் சிலருடைய பட்டியலை வாங்கிப் பார்த்தோம். எல்லாருக்கும் உடற்கல்வியில் நல்ல கிரேடு! ஆண்டு முழுவதும் ஒரு நாள் கூட மைதானத்தில் இறங்காத பிள்ளைகளுக்கு எதை அளந்து போட்டார்கள்? சம்பளப் பட்டுவாடா ஆகாமல் பட்டியலில் கையெழுத்து மட்டும் வாங்கிக் கொண்டால் நாம் சும்மா இருப்போமா? ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்கள் பதில் சொல்லுங்கள்.

இங்கே சில தாய்மார்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "காலையில நாலு மணிக்கு எழுந்து எம் மக பத்துக் குடம் தண்ணி தூக்குதா. இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்று. நியாயமான கேள்வி, சிரித்துத் தள்ளிவிட முடியாது. இதற்குப் பதிலை நம்முடைய உடம்பிலேயே பார்த்துக் கொள்ளலாம். இருபது வருஷம் பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கிய நம் தோழர்கள் எத்தனை பேர் இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிறார்கள்? எந்தத் தோளில் சுமந்தார்களோ அந்தத் தோள் இறங்கிப் போயிருக்கிறது. தோல் பட்டறையில் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு முழங்கால் போயிற்று. தையல் மிஷினில் இருக்கிறவருக்குக் கழுத்து. உழைப்பு என்பது உடம்பின் ஒரே இடத்தை மறுபடி மறுபடி தேய்ப்பது. வேலை முடிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும், வலித்தாலும் நிறுத்த முடியாது. உடற்பயிற்சி அப்படியல்ல. முதலில் உடம்பைச் சூடாக்கிக் கொள்கிறார்கள். பிறகு கை, கால், முதுகு, மூச்சு எல்லாவற்றுக்கும் மாற்றி மாற்றி வேலை கொடுக்கிறார்கள். இன்றைக்கு இவ்வளவு, அடுத்த வாரம் கொஞ்சம் கூட என்று ஏற்றுகிறார்கள். கடைசியில் ஆற விடுகிறார்கள். குடம் தூக்குகிற பிள்ளைக்குத்தான் இது மற்ற பிள்ளைகளைவிட அதிகம் தேவைப்படுகிறது. வளைந்த முதுகை நிமிர்த்த வேறு இடம் அவளுக்கு இல்லை.

5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாள் ஒன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து அந்த நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், உலகம் முழுவதிலும் 11 முதல் 17 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என்று கண்டார்கள். பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் இன்னும் மோசம். பணக்கார நாடுகளையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. நம் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பெஞ்சு. மாலையில் டியூஷன் வீட்டுத் தரை. இரவில் பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் ஆறு பேருக்கு நடுவே ஒரு மூலையும் ஒரு போனும். சந்தில் ஓட முடியுமா? சைக்கிள், கேஸ் சிலிண்டர், ஈரத்துணி, சாக்கடை. எழுந்து நின்று இரண்டு கையையும் முழுதாக விரிக்க வேண்டுமென்றால் கூட அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட முற்றம்தான் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்ததும் சந்தில் ஆடுவதை நாமே நிறுத்திவிடுகிறோம். பையன் ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஒரு மைதானத்துக்கு லோக்கல் பிடித்துப் போய்விடுவான். அவள் போக முடியாது. பள்ளியில் ஓடவிட்டால் மயங்கி விழுகிறாள், அதனால் வேண்டாம் என்று ஒரு தகப்பனார் எங்களிடம் சொன்னார். மயங்கி விழுகிறாள் என்றால் ரத்தம் இல்லாமல் இருக்கலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. ஓட்டத்தை நிறுத்தினால் ரத்தம் ஊறிவிடுமா? அவள் மூச்சு வாங்குவதை முதலில் காண்கிறவர் உடற்கல்வி ஆசிரியர்தான். பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்காது, நோயும் வெளியே தெரியாது. கண்டு சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம். மாதவிலக்கு நாளில் பிள்ளை ஓரமாக உட்கார வேண்டும் என்றால் அதைக் கூசாமல் சொல்ல ஒரு பெண் ஆசிரியை வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வருகிற கக்கூஸ் வேண்டும். இதையெல்லாம் கேட்க வேண்டிய நாம், பீரியடையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

எங்களில் பலர் திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். டிரில் மாஸ்டரை மறந்திருக்க மாட்டீர்கள். கழுத்தில் விசில், வெள்ளைக் கால்சட்டை, கையில் பிரம்பு. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்ற சென்னை ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கியது. அந்த வழியில் வந்த வாத்தியார்கள் நம் ஊர்ப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் கையில் அடி வாங்கியதையும் மறக்கவில்லை. எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று. ஊருக்குள்ளே தெருப்படி பிரிந்திருந்த பிள்ளைகளை அந்த மனிதர் உயரப்படி நிறுத்தினார். குட்டையானவன் முன்னால், நெட்டையானவன் பின்னால், அவ்வளவுதான். சடுகுடுவில் தொடாமல் ஆட முடியாது. மேலத்தெருப் பையனைக் கீழத்தெருப் பையன் காலைப் பிடித்து இழுத்து மண்ணில் உருட்டினான், வாத்தியார் பாயிண்டு கொடுத்தார். நம்மில் சில பேர் வாழ்க்கையில் முதன்முதலாக அங்கேதான் சமமாக நின்றோம்.

சரி, இத்தனையும் சொல்கிறீர்களே, கணக்கில் பெயில் ஆனால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்பீர்கள். மனுக் கொடுத்தபோது நாங்களும் இதையே சொன்னோம். பலன் என்ன? பிறகு வந்த பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுகளைப் பார்த்தோம். முன்பு தேறியது போலத்தான் தேறினார்கள். கணக்கு வராத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே வரவில்லை. அதே வாத்தியார் அதே கணக்கை அதே மாதிரி இன்னொரு பீரியடு போட்டால் வந்துவிடுமா? கணக்குக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் பக்கத்துப் பாடத்தின் நேரத்தைத் திருடிக் கொடுத்தோம்.

சோற்றைப் பற்றியே பேசுவோம். பிள்ளைக்கு எந்த வேலை வேண்டும் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ரயில்வே என்கிறீர்கள். ரயில்வேயில் கீழ்மட்டத்து லெவல் 1 வேலைக்கு எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது. அதில் தேறியவர்களை மைதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஆண் என்றால் 35 கிலோ மூட்டையைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்தில் 100 மீட்டர் கொண்டு போக வேண்டும். 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 வினாடியில் ஓட வேண்டும். பெண் என்றால் 20 கிலோ, ஓட்டத்துக்கு 5 நிமிடம் 40 வினாடி. ஒரே ஒரு வாய்ப்புத்தான். ரயில்வே பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிள் ஆக வேண்டுமென்றால் ஆண் பிள்ளை 1,600 மீட்டரை 5 நிமிடம் 45 வினாடியில் ஓட வேண்டும். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்த நம் பையன்கள் அறுநூறாவது மீட்டரில் விலாவைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஒரு மாதம் ஓடிப் பழகினால் போதும் என்று நினைக்கிறார்கள். கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம்.

விளையாட்டுக் கோட்டாவைப் பற்றியும் நிறையப் பேர் சங்கத்தில் வந்து கேட்கிறீர்கள். "ஸ்கூல்ல ஓட்டத்துல பர்ஸ்ட் பிரைஸ், சர்டிபிகேட் இருக்கு, ரயில்வேயில போடுங்க" என்று. வருத்தத்தோடு சொல்கிறோம்: பள்ளி அளவுச் சான்றிதழைக் கொண்டு அந்தக் கோட்டாவில் நுழைய முடியாது. மாநிலத்துக்காக ஆடித் தேசியப் போட்டியில் இடம் பிடித்தவர்களைத்தான் அங்கே எடுத்துக் கொள்கிறார்கள். ஆனால் அந்த ஏணியின் முதல் படி எது? பள்ளியிலிருந்து போகிற பெயர்ப் பட்டியல். அதில் பெயர் ஏற யாராவது ஒருவர் பிள்ளை ஓடுவதைப் பார்த்திருக்க வேண்டும், பாரம் நிரப்ப வேண்டும், பிறந்த தேதி சரிபார்க்க வேண்டும், தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டோம்.

தன்ராஜ் பிள்ளையைப் பற்றிப் பேசினால் நம் எல்லாருக்கும் நெஞ்சு நிமிர்கிறது. புனே கட்கியில் ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் 1968-இல் பிறந்த தமிழ்ப் பிள்ளை. நான்கு ஒலிம்பிக்கில் ஆடியவர். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் இந்திய ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. உடைந்த மட்டையைக் கட்டிக் கொண்டு ஆடிப் பழகியவர் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அவருடைய தகப்பனார் அங்கே மைதானத்தைப் பராமரிக்கிற தொழிலாளி என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். மட்டை உடைந்திருந்தாலும் கால் ஓட மைதானம் இருந்தது. இதே மும்பையில் சச்சின் டெண்டுல்கர் பாந்த்ராவில் படித்த பள்ளியை விட்டு, பயிற்சியாளர் ஆச்ரேக்கர் சொன்னதன் பேரில் தாதரில் உள்ள சாரதாசிரமப் பள்ளிக்கு மாறினார், அங்கே நல்ல கிரிக்கெட் அணி இருந்தது என்பதற்காக. அவ்வளவு திறமை உள்ள பிள்ளைக்கே பள்ளியில் ஏற்பாடு வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு மாற்றுவோம்?

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கே எல்லாரும் பிள்ளையைப் பி.டி. உஷா ஆக்கப் புறப்பட்டு விடுவீர்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் மாநிலத்துக்கு ஆடப் போகிறவர் ஒருவர் இருந்தாலே அதிகம். அந்த பீரியடு மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் உரியது. கடைசியாக ஓடி வருகிற குண்டுப் பையன், திக்கிப் பேசுகிற பிள்ளை, ஒரு கால் சூம்பிய பிள்ளை, எல்லாரும் அதில் இருக்க வேண்டும். நாலு கெட்டிக்காரப் பிள்ளைகளை ஆடவிட்டு மற்றவர்களை ஓரமாக உட்கார வைக்கிற வாத்தியாரும் உண்டு. அதையும் நாம் கண்காணிக்க வேண்டும்.

இடம் எங்கே என்று பள்ளி நிர்வாகம் கேட்கும். கேட்கட்டும். பெண் பிள்ளைகள் ஆடுகிற கபடிக் களத்துக்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் போதும். ஷூ கூட வேண்டாம், வெறுங்காலோடு ஆடலாம். அந்தப் பள்ளி முற்றத்தை நாங்கள் காலடியால் அளந்து பார்த்தோம். அந்த இடம் தாராளமாக இருக்கிறது. இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. அரியானாவில் ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தை ஆக்கிரமித்த வழக்கில், மைதானம் இல்லாமல் ஒரு பள்ளி இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2023 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. தாராவியில் குடியிருக்கிறவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2022-இல் டெண்டர் முடிந்து 2023-இல் அரசு ஒப்புதலும் கொடுத்துவிட்டது. வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று எல்லாரும் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். பள்ளிக்கு மைதானம் எத்தனை சதுர அடி என்று இதுவரை நம் கூட்டங்களில் ஒருவர் கூடக் கேட்டதில்லை, எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

செயற்குழு செய்திருக்கிற ஏற்பாட்டைச் சொல்லி முடித்துக் கொள்கிறோம். பழைய மனுவை வாபஸ் வாங்கிப் புதிய மனு ஒன்று எழுதியிருக்கிறோம். தமிழிலும் மராட்டியிலும் இருக்கிறது. பீரியடுகளைத் திரும்பப் போட வேண்டும்; உடற்கல்வி ஆசிரியரை ஆபீஸ் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும்; முற்றத்திலிருந்து வண்டிகளை எடுக்க வேண்டும்; இந்த ஆண்டுப் போட்டிகளுக்குக் கடைசி நாளுக்கு முன்பே பெயர் அனுப்ப வேண்டும். கணக்குக்குத் தனியாக ஆசிரியர் கேட்டு கல்வி அதிகாரிக்கு வேறொரு மனு. இரண்டும் அந்த மேஜை மேல் இருக்கின்றன. இந்தத் தடவை மராட்டிப் பெற்றோர்களையும் இந்திக்காரப் பெற்றோர்களையும் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துக் கேட்கப் போகிறோம். அவர்கள் நம்மைத் திட்டினால் கேட்டுக் கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பள்ளி வாசலில் கூட வேண்டும். நைட் ஷிப்டு முடிந்தவர்கள் தூக்கத்தை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். அந்தக் கபடி ஆடுகிற பிள்ளையையும் கூட்டி வரும்படி அவள் தாயாரிடம் கேட்டிருக்கிறோம். இப்போது பத்தாவதுக்கு வந்துவிட்டாள்; வயது வரம்புக்குள் அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு மிச்சம் இருக்கிறது. தலைமையாசிரியர் முன்னால் அவளையே பேசச் சொல்லலாம் என்று இருக்கிறோம்.